மாத்திரைக் கணக்கு

காட்பாடி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் படி ஏறும்போது வருகிறது. தம்பி போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். இளைத்திருக்கிறான், கேட்டால் ஜிம் என்கிறான். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இன்று சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஏலம். ஒரு கூடை இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வந்தது. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஏலத்திலும் அதன் மிடுக்கே வேறு. நானூறு வரை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். உனக்குப் பிடிக்குமே, பிருந்தாவன் ரயிலில் யாராவது பெங்களூர் போனால் கொடுத்தனுப்பலாமே என்றுதான் கேட்டேன். அப்புறம், நீ இப்போது யார் கொடுத்ததையும் வீட்டில் சேர்ப்பதில்லை என்று சித்தி சொன்னது ஞாபகம் வந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

மாத்திரை இருக்கிறதா பாப்பா?

ஜூன் 12-ஆம் தேதி 180 வலிப்பு மாத்திரை கூரியரில் அனுப்பினேன். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 90 நாள். செப்டம்பர் 9 ராத்திரி கடைசி மாத்திரை. கையில் மிச்சமாகப் பத்துப் பதினைந்து இருந்திருந்தாலும் 17-ஆம் தேதியைத் தாண்டாது. இப்போது அக்டோபர் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பேசியபோது, "இந்தத் தடவை அனுப்ப வேணாம்ப்பா, இருக்கு" என்றாய். அங்கேயே வாங்கிக்கொண்டாய் என்றால் சரி. ஆனால் நீ பெங்களூர் போன நாளிலிருந்து இங்கிருந்துதான் போகிறது. ஒரு தடவைகூட "இருக்கு" என்று நீ சொன்னதில்லை. "அப்பா, தீரப்போகுது" என்றுதான் சொல்வாய்.

அதற்குப் பிறகு போன் இல்லை. ஏழு ஞாயிறு போய்விட்டது. வேலை அதிகம் என்று அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக்கூரைக்கு நீ அனுப்பிய பணத்தில் வேலை முடிந்தது. கொத்தனாரிடம் "என் பொண்ணு அனுப்பினது" என்று ரெண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவனே சொன்னான், "தெரியும் சார், பொண்ணு அனுப்பினது."

கூரைக்கு அனுப்பத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

சரி, அதை விடு. நீ அனுப்பிய அந்த வீடியோவை முழுக்கக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. உங்கள் பாஸ்டருக்கு நல்ல குரல், நல்ல தமிழ். பாதி பிரசங்கம் எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜாதகம், வாஸ்து, ராசிக்கல் என்று விசுவாசிகளே அலைகிறார்கள் என்று சொன்னது நியாயம். உபாகமம் 18-ஐ எடுத்து, குறி சொல்கிறவன், நாள் பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், சன்னதக்காரன், செத்தவர்களிடம் குறி கேட்கிறவன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது எனக்கு வியர்த்தது. ஏன் வியர்த்தது என்று பிறகு சொல்கிறேன். சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஆனால் "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்" என்று அவர் மேஜையைத் தட்டினாரே, அங்கே எனக்குப் பொறுக்கவில்லை. அது சங்கீதம் 105. சொந்த இடம் இல்லாமல், கொஞ்சம் பேராக, ஊர் ஊராய் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தை ராஜாக்கள் தொடக்கூடாது என்று கர்த்தர் கடிந்துகொண்ட வசனம். பிரசங்கியாரிடம் கேள்வி கேட்காதே என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தை எடுத்து வைத்து, அப்படித்தானா என்று தினமும் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் எழுதியிருக்கிறது. உனக்குத் தெரியாததா? ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் மூன்று வருடம் பரிசு வாங்கினவள் நீ. அந்த ஸ்டீல் தட்டில்தான் அம்மா இன்னும் உளுந்து காய வைக்கிறாள்.

அவரை நீங்கள் எல்லோரும் "டாடி" என்று கூப்பிடுகிறீர்கள் என்றும் தெரிந்தது. ஆவிக்குரிய தகப்பன், அவருக்குக் கீழே இருந்தால்தான் பாதுகாப்பு, அவரைக் கேட்காமல் வீடு மாற்றக்கூடாது, வேலை மாற்றக்கூடாது. பொறாமையில் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். கொஞ்சம் பொறாமையும்தான். ஆனால் நீ பிறந்ததே வேலூர் சி.எம்.சி.யில். ஆண்டவர் ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே வந்தார் என்பதுதான் அந்த ஆஸ்பத்திரிக்கே குறிக்கோள். ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அம்மா, சாபம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-இல் திரும்பி வந்து ஒரு கட்டிலைப் போட்டு ஆரம்பித்தார். நம் ஊரில் ஜெபமும் மருந்தும் ஒரே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். ஜெபம் பண்ணியாகிவிட்டது, கத்தி வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே கண்ணு. குறைக்க வேண்டும் என்றாலும் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டியது அது. திடீரென்று விட்டால் முன்னைவிட மோசமாக வரும். ஒன்று நிற்பதற்குள் அடுத்தது வரும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால்.

இருக்கட்டும், முதலில் உன் கேள்விக்கு வருகிறேன்.

அன்றைக்குப் போனில் நீ கேட்டாய். "அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நம்ம வீட்ல யாராவது மந்திரவாதிகிட்ட போனதுண்டா? பாஸ்டர் தரிசனத்துல ஒரு சின்னப் பொண்ணு, இடுப்புல கறுப்புக் கயிறு பார்த்தாராம்." நான் உடனே, "சேச்சே, நம்ம வீட்லயா?" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அது பொய்.

1998, ஆடி மாதம். உனக்கு எட்டு வயது. தம்பி பிறந்து இருபது நாள், அம்மா அரக்கோணத்தில் அவள் அம்மா வீட்டில். நீயும் நானும் ஆயாவும் மட்டும் இங்கே. அந்த வருடம் மார்ச்சில்தான் உனக்கு முதல் வலிப்பு. எப்டாயின் மாத்திரை கொடுத்தார்கள். அதனால் உனக்கு ஈறு வீங்கி, வாயைப் பொத்திக்கொண்டே சிரிப்பாய், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவிலும் கையை வாயில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறாய். அவ்வளவும் பொறுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்தும் ஆடியில் மறுபடி இரண்டு தடவை வந்துவிட்டது. ஆயா இரும்புச் சாவியை உன் கையில் திணிப்பாள். நான் கத்துவேன். எனக்கே என்ன செய்வதென்று தெரியாது.

கூட வேலை செய்த ஒருவர் சொன்னார். சோளிங்கர் மலைக்குக் கூட்டிப்போனால் சரியாகும் என்று ஏற்கனவே பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். நாம் கிறிஸ்தவர்கள், கோயிலுக்குப் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்திருந்தேன். பார், அப்போதும் என் பயம் கர்த்தரைப் பற்றி இல்லை, நாலு பேரைப் பற்றி. இவர் சொன்ன இடம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஆற்று மணலில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தேன். சினிமாவுக்கு என்று உன்னிடம் சொல்லியிருந்தேன்.

அந்த ஆள் ஓர் எலுமிச்சம்பழத்தை உன் தலையைச் சுற்றி அறுத்தான். உள்ளே ரத்தமாகச் சிவந்தது. ஏவல் என்றான், பங்காளி வைத்தது என்றான். நான் நம்பினேன் பாப்பா. பி.ஏ., பி.எட். படித்தவன், சபையில் வேதபாடம் வாசிக்கிறவன், நம்பினேன். நாலைந்து வருடம் கழித்து எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்துக் காயவைத்து எலுமிச்சம்பழத்தை அறுத்துக் காட்டினான். அதே சிவப்பு. புளிப்புப் பட்டால் அந்தச் சாறு சிவக்குமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் மிளகாய்ப் புகை போட்டான். நீ இருமினாய், திமிறினாய். வேப்பிலையால் அடித்தான். அந்த இடத்திலேயே உனக்கு வலிப்பு வந்துவிட்டது. "பேசுது பார், போகமாட்டேங்குது பார்" என்றான். பிள்ளை துள்ளுகிறது, காலைப் பிடியுங்கள் என்றான்.

பிடித்தேன். உன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

750 ரூபாய். இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு வெள்ளைக் கவுன் போடும்போது நீ கேட்டாய், "அப்பா, இதைக் கட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போலாமா?" உனக்கு எட்டு வயது. எனக்குத் தோன்றாத கேள்வி உனக்குத் தோன்றியது. "கவுனுக்கு உள்ளதானே இருக்கு, யாருக்கும் தெரியாது" என்றேன். அன்றைக்கு வேதபாடம் நான்தான் வாசித்தேன். என்ன அதிகாரம் என்று நினைவில்லை.

இன்னொன்றும் சொன்னான் அவன். "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் என் வேலை பலிக்கும்."

நிறுத்தினேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி நாலு தடவை வந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் உனக்கு நினைவு திரும்பவே இல்லை. எதிர்வீட்டு பாய்தான் ஆட்டோ எடுத்தார். போகும் வழியில் உன் கவுனுக்குள் கைவிட்டு அந்தக் கயிற்றை அறுத்து, பாலத்தின் மேல் போகும்போது ஆற்றில் எறிந்தேன். டாக்டர்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் எறிந்தேன், மனம் திரும்பி இல்லை.

கேஷுவாலிட்டியில் ஒரு டாக்டர் அம்மா கேட்டார், மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று. கொடுத்தேன் என்றேன். ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. விடியற்காலம் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சார், அடுத்த தடவை வரும்போது காலி அட்டைகளையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். ஐந்து வருடம் காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நான் சிக்கனத்துக்குச் சேர்த்து வைப்பதாக நீ கிண்டல் பண்ணுவாயே, அந்த அட்டைகள்தான்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன். மூளையில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. நாடாப்புழுவின் முட்டை, கழுவாத கீரையிலோ தண்ணீரிலோ யார் கையிலோ இருந்து வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, குட்டிப் புழுவாக ரத்தத்தோடு மூளைக்கு ஏறி அங்கே கட்டியாக உட்கார்ந்துகொள்ளுமாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வலிப்பு வர அது ஒரு சாதாரணக் காரணம் என்றார்கள். பங்காளி வைத்தது என்று நான் மூன்று மாதம் சித்தப்பாவோடு பேசாமல் இருந்தது ஒரு புழுவுக்காக. புழு செத்துவிட்டது, அது இருந்த இடம் சுண்ணாம்பாகித் தங்கிவிட்டது, அதனால்தான் உனக்கு இன்னும் மாத்திரை. இதில் சாபம் எங்கே இருக்கிறது?

2001-இல் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். பேப்பரில் வந்த அன்று அம்மா படித்துவிட்டு, "எந்தப் பாவி பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் இப்படி விடுவான்?" என்றாள். நான் பேப்பரை வாங்கி மடித்துவைத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. 98-இல் நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது உனக்குக் காய்ச்சல் என்றுதான் அரக்கோணத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

இப்போது உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பாஸ்டர் தரிசனம் பலித்துவிட்டது, கறுப்புக் கயிறு உண்மைதான். இதற்குப் பயந்துதான் ஏழு வாரமாக எழுதாமல் இருந்தேன். பாப்பா, நம் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கு இடுப்பில் கறுப்புக் கயிறு இல்லை? அரைஞாண் கட்டாத குழந்தை எத்தனை பேர்? அதைத் தரிசனத்தில் பார்ப்பது, உன் சின்ன வயதில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னைமரம் இருந்தது என்பது மாதிரி. இதையும் நான் இல்லையென்று சாதித்திருக்கலாம். ஆனால் உனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும், அந்தச் சந்தேகம் இருக்கும்வரை நீ அவர் கையில்தான் இருப்பாய்.

ஆயாவின் தாத்தா கோடாங்கி, உடுக்கை அடித்துக் குறி சொன்னவர், அதனால் பரம்பரைச் சாபம் என்றும் சொன்னாராமே. அந்தக் கதையை அவருக்குச் சொன்னது யார்? நீதான் சொல்லியிருப்பாய். மிச்சத்தையும் சொன்னாயா? ஆற்காடு மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கின அன்று அவரே அந்த உடுக்கையைக் கிழித்து அடுப்பில் வைத்தார் என்பதை? எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களை எரித்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சாபம் தொடர்ந்தது என்று பவுல் கூட்டம் போடவில்லை. மூன்றாம் நான்காம் தலைமுறை என்று யாத்திராகமத்தில் இருப்பதை அவர் காட்டுவார். எசேக்கியேல் 18-ஐயும் அவரையே வாசிக்கச் சொல். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்கிற பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லவே கூடாது என்கிறார் கர்த்தர். தகப்பனுடைய அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை. என் அக்கிரமம் என்னோடு. உனக்கு அதில் பங்கு மிளகாய்ப் புகை மட்டும்தான், அதுவே ஜாஸ்தி.

பிசாசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாற்கு 9-இல் உன்னைப் போலவே விழுந்து துடித்த ஒரு பையனை அசுத்த ஆவி தண்ணீரிலும் தீயிலும் தள்ளினது என்றுதான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் மத்தேயு 4-இல் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள், அதாவது வலிப்புக்காரர்கள் வேறு, திமிர்வாதக்காரர் வேறு என்று தனித்தனியாகத்தானே எழுதியிருக்கிறது? வேதமே பிரித்துச் சொல்வதை நாம் ஏன் ஒன்றாகக் கட்டவேண்டும்? அந்தப் பையனுடைய தகப்பன் கண்ணீரோடு சத்தமிட்ட வார்த்தையை 26 வருடமாக நான் சபையில் வாசித்ததில்லை. அந்தப் பாடம் என் முறைக்கு வரும் ஞாயிறு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிடுவேன், தொண்டை சரியில்லை என்று.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மருந்தை நிறுத்தினால்தான் என் வேலை பலிக்கும் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் சொன்னான். அவன் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. இவர் கையில் வேதம் இருக்கிறது. கேட்பது இரண்டு பேரும் ஒன்றையே. எங்கள் பாஸ்டர் அப்படிக் கேட்கவில்லை என்று நீ சொன்னால், சந்தோஷம், நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சபைக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. நன்றாகப் பாடுகிறார்கள், நீயும் பாடு. மாத்திரை போட்டுவிட்டுப் போய்ப் பாடு.

ராத்திரி முழு உபவாச ஜெபம் வேண்டாம் பாப்பா. தூக்கம் கெட்டாலே உனக்கு வரும். தனியாகக் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளாதே. ஸ்கூட்டர் ஓட்டாதே, மாப்பிள்ளை பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகட்டும்.

அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஞாபகம் இருந்தும் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தாய் என்றால் அது எனக்காகத்தான் என்று புரிந்துகொள்கிறேன். சினிமாவுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனேன் இல்லையா. திரும்பி வரும்போது தோளில் தூங்கிக்கொண்டே, "படம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாய்.

இந்தக் கடிதத்தை அம்மா படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை. ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். அதனால் இரண்டு நாளைக்கு வீட்டு நம்பருக்குப் போன் பண்ணாதே, என் நம்பருக்குப் பண்ணு. பண்ண மனமில்லை என்றாலும் பரவாயில்லை.

180 மாத்திரை தனி கூரியரில் வருகிறது. நான் கொடுத்தது என்று வீட்டில் சேர்க்க யோசனையாக இருந்தால், அங்கேயே கடையில் வாங்கிக்கொள், சீட்டின் நகலையும் வைத்திருக்கிறேன். முதலில் டாக்டருக்கு ஒரு போன் போட்டு, ஒரு மாதம் விட்டுவிட்டேன், எப்படி ஆரம்பிக்கட்டும் என்று கேட்டுக்கொள்.

பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அட்டையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காலிக் குழிகளை நான் எண்ணிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா